கூண்டுக்குள் விசர்நோய் புகுவது எப்படி?

விசர்நாய்க்கடி நோயின் வைரசு விலங்குக் கூண்டுக்குள் தானாகப் பிறப்பதில்லை. வழக்கமாக வெளியிலிருந்து வரும் ஒரு கடியே அதை உள்ளே கொண்டுவருகிறது. இலங்கையில் அது பெரும்பாலும் நாய்க்கடி. வட்டகொடை போன்ற தோட்டப்புறங்களில் லயத்து நாயும் கீரியும் மரநாயும் அருகருகே இரை தேடுவதால், கம்பிவலையில் ஓர் ஓட்டை போதும்.

கடிவாயில் இறங்கிய வைரசு நரம்பு வழியே மூளைக்கு ஏறி, பின் உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு வருகிறது. இதற்கு வாரங்கள், சிலவேளை மாதங்கள் பிடிக்கும். ஆகவே, புதிதாகப் பிடித்துவந்த விலங்கு நலமாகத் தெரிவதை நம்ப முடியாது. பெரிய உடலும் காப்பல்ல: இலங்கை யானையொன்றுக்கு இந்நோய் கண்டது 1999-இல் ஆய்விதழில் பதிவானது.

கடியின்றியும் பரவலாம். நமீபியாவில் 1977-இல் தொடங்கிய பரவலில் குடு மான்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. முள்மரம் மேய்ந்து கீறிய வாய்க்குள் உமிழ்நீர் வழியே வைரசு புகுந்ததாகக் கருதப்படுகிறது.

கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.