கிணறு தோண்டுமுன் ஒரு மஷூரா

மௌத்தாகிவிட்ட தாயாருக்காக எந்த தர்மம் செய்வது சிறந்தது என்று ஸஃது இப்னு உபாதா (ரலி) கேட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தண்ணீரையே சொன்னார்கள். அவரும் ஒரு கிணறு தோண்டினார். அதனால்தான் கிணறு என்றதும் நமக்கு ஸதக்கத்துல் ஜாரியா ஞாபகம் வருகிறது. வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் பெற்றோர் பெயரில் குழாய்க்கிணறு அடித்துக் கொடுக்கிறார்கள். அல்லாஹ் கபூல் செய்வானாக! ஆனால் யாழ்ப்பாணத் தீவகத்தில் இந்த நற்காரியத்தைத் தொடங்குமுன் சற்று நிதானிக்க வேண்டும்.

மேலே நன்னீர், கீழே உப்புநீர்

ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு எல்லாம் சுண்ணாம்புக்கல் பூமி. ஆறு கிடையாது. மாரி மழை கல்லின் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. உப்புநீர் கனமானது, நன்னீர் இலேசானது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானக் கணக்கு. இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது. இறைத்து இறைத்து மேல்மட்டம் ஒரு சாண் இறங்கினால், அடியிலிருந்து உப்புநீர் காலப்போக்கில் 40 சாண் ஏறிவிடும். சிறு தீவுகளில் இந்த நன்னீர்ப் படலமே மெல்லியது.

புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றை அறியாதவர் யார்? அதிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர்தான். ஆகவே, "ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர்" என்ற பேச்சு இங்கே செல்லாது. ஆழத் துளைத்த கிணறு சவர்நீரைத் தரும். அயல் கிணறுகளையும் கெடுக்கக்கூடும்.

துளைக்குமுன் கூடிப் பேசுகிறார்கள்

பூமியைத் துளைப்பதில் உலக விஞ்ஞானிகள் எப்படி நடந்துகொள்கிறார்கள் தெரியுமா? ரஷ்யாவின் கோலாவில் 1970 இல் தொடங்கிய துளை, 1989 இல் 12,262 மீட்டரை எட்டியது. இப்படிப்பட்ட பெருஞ்செலவை ஒரு நாடே சுமப்பது கடினம். எனவே 1993 இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி, எங்கே துளைப்பது, எதற்காகத் துளைப்பது என்று ஆலோசித்தார்கள். 1996 இல் சர்வதேச கண்டத் துளையிடல் திட்டம் உருவானது. அதன் வழக்கம் கவனிக்கத்தக்கது: முதலில் செயலமர்வு, பிறகுதான் துளை.

நம் அயல்நாடான இந்தியாவில், மகாராஷ்டிர மாநிலத்துக் கொய்னா அணைப் பகுதியில் 1967 டிசம்பரில் பூகம்பம் வந்து பலர் மாண்டார்கள். அதன் காரணத்தை ஆழத்திலேயே தேட விரும்பியவர்கள் உடனே இயந்திரத்தை நிறுத்திவிடவில்லை. 2011 இல் செயலமர்வு கூட்டினார்கள். அடுத்து, சோதனைத் துளைகள் போட்டு, மேலே கிடக்கும் எரிமலைப் பாறை எவ்வளவு தடிப்பானது என்று அறிந்தார்கள். 2014 இல் மறுபடியும் கூடினார்கள். அதன் பின்னரே 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு முன்னோடித் துளை இறங்கியது.

நமது ஊரில்...

மூன்று கிலோமீட்டருக்கு உரிய நிதானம் முப்பது அடிக்கும் உரியதே. கிணறு கொடுக்க நிய்யத் வைத்தவர்கள் ஜமாஅத்தைக் கூட்டுவதோடு நிறுத்தாமல், அயலிலுள்ள தமிழ்ச் சகோதரர்களையும் அழைக்க வேண்டும். பள்ளிவாசல் வளவுக் கிணறும் கோயிலடிக் கிணறும் மேலேதான் வேறு வேறு. அடியில் தண்ணீர் ஒன்றே. நீர்வள சபையினரிடமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரிடமும் ஆலோசனை கேட்கலாம்.

அங்கே கேட்க வேண்டியவை: கோடையில் அயல் கிணறுகளின் மட்டம் எவ்வளவு? எந்த ஆழத்தில் உப்பு தொடங்குகிறது? அருகில் மலசலகூடக் குழி உண்டா? நாளொன்றுக்கு எவ்வளவு இறைக்கலாம்? மோட்டார் தேவையா, வாளி போதுமா?

பதில் சாதகமாக இல்லையென்றால் நிய்யத்தைக் கைவிட வேண்டியதில்லை. தூர்ந்த பழைய கிணற்றைத் துப்புரவாக்கலாம், குளத்தைத் தூர்வாரலாம், கூரை மழைநீரைச் சேர்க்கத் தொட்டி கட்டலாம். தாகம் தீர்க்கும் எதுவும் தண்ணீர் தர்மமே.

பத்ரில் எந்தக் கிணற்றடியில் தங்குவது என்பதில் ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) சொன்ன யோசனையை நபியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கிணற்று விஷயத்தில் மஷூரா செய்வது நமக்குப் புதிதல்ல. பேசிவிட்டுத் தோண்டுவோம். அப்போதுதான் பெற்றோர் பெயரில் நாம் விட்டுச் செல்வது, இன்ஷா அல்லாஹ், நம் பேரப்பிள்ளைகளும் குடிக்கத்தக்க நன்னீராக இருக்கும்.