பழைய ஜீப்பும் அதற்கேற்ற எண்ணெயும்

மாட்டு வண்டியின் அச்சுக்கு மை இடாமல் எந்த வண்டிக்காரரும் நெடுவழி புறப்படுவதில்லை. அச்சும் குடமும் உராய்ந்து தேயாதிருக்கவே அந்த மை. மோட்டார் எஞ்சினில் ஊற்றும் எண்ணெயும் இதே தொழிலைச் செய்கிறது. ஆனால் அதற்குப் பொறுப்புகள் மிகுதி. உராயும் உலோகங்களுக்கு நடுவே மெல்லிய படலமாக நின்று தேய்வைத் தடுக்கிறது. பிஸ்டனின் வெப்பத்தை வாங்கிச் செல்கிறது. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள சந்தை அடைக்கிறது. கரியையும் தூசியையும் கழுவிச் சுமக்கிறது.

“எந்த எண்ணெயானால் என்ன?” என்பார் சிலர். “பழைய வண்டியா? மிகவும் கெட்டியான எண்ணெயை ஊற்று” என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் ஏன் பொருந்தா என்பதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு ஆராய்வோம்.

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ளது. அப்பாதையில் மலைக்கு மேற்கே அமைந்த ஊர் அடி அண்ணாமலை. அங்கே பழைய ஜீப் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். கிரிவலப் பாதையில் அதற்குச் சிரமம் இல்லை. போளூர் வழியாகச் சென்று, ஜவ்வாது மலையேறி, ஜமுனாமரத்தூரை அடுத்த மண்பாதைகளில் சுமையுடன் செல்லும் நாளிலோ கதை வேறு. எண்ணெய் தவறினால் ஊர்களுக்கு நடுவே, ஆளரவமற்ற ஏற்றத்தில், எஞ்சின் இறுகி நின்றுவிடக்கூடும்.

முதலில் மூடியைத் திறந்து, உள்ளே இருப்பது எந்த எஞ்சின் என்று பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான வில்லிஸ் ஜீப், பின்னர் மகிந்திரா நிறுவனத்தின் வழியாக இந்தியாவில் பரவியது. அதன் பெட்ரோல் எஞ்சின் 134 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 2.2 லிட்டர், கொள்ளளவுடையது. பிற்கால ஜீப்புகள் பலவற்றில் பெஜோ வகை டீசல் எஞ்சின் உண்டு. டீசல் எஞ்சினில் கரி மிகுதியாகச் சேரும். அதற்கெனச் செய்த எண்ணெயே அதற்கு வேண்டும். டப்பாவின்மேல் உள்ள தரக்குறியில் ‘எஸ்’ என்று தொடங்குவது பெட்ரோல் எஞ்சினுக்கு உரியது. ‘சி’ என்று தொடங்குவது டீசலுக்கு உரியது.

அடுத்தது எண்ணெயின் பாகுநிலை. தேன் மெதுவாக வடிகிறது. தண்ணீர் விரைந்து ஓடுகிறது. இந்த வேறுபாட்டையே பாகுநிலை என்கிறோம். எஸ்.ஏ.இ. 30, 40, 50 என்னும் எண்கள், 100 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் எண்ணெய்க்குள்ள பாகுநிலையைக் குறிப்பவை. எண் ஏறினால் கெட்டித்தன்மையும் ஏறும். 20டபிள்யு-40 என்பதில் முதல் எண் குளிரில் நடந்துகொள்ளும் வகையைக் காட்டுகிறது. இரண்டாம் எண் வெப்பத்தில் உள்ள நிலையைக் காட்டுகிறது. உறைபனிக்கு மேற்பட்ட வெப்பநிலையில் எஸ்.ஏ.இ. 30 போதும் என்றே போர்க்கால ஜீப்பின் கையேடு கூறிற்று. கோடையில் 40 டிகிரியைத் தொடும் நம் நாட்டில், மலையேறும் ஜீப்புக்கு 40 என்னும் எண் தகும்.

அப்படியானால் 50 இன்னும் நல்லதல்லவா? எஞ்சின் தேய்ந்திருந்தால் மட்டும் அப்படி. பேரிங்கின் இடைவெளி இருமடங்கானால், அதே அழுத்தத்தில் கசியும் எண்ணெய் 8 மடங்காகும். சூடான எஞ்சினில் அழுத்தமானி தாழ்ந்து நிற்பது அதனால்தான். அந்நிலையில் 20டபிள்யு-50 சிறிது காலம் உதவும். நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் அதையே ஊற்றினால், காலையில் எஞ்சினை இயக்கியவுடன் எண்ணெய் மேற்பகுதிக்கு ஏறத் தாமதமாகும். அதுவரை உலோகங்கள் வறண்டு உராயும். புகைக்குழாயில் நீலப்புகை வருமானால் வளையங்களையோ வால்வு வழிகளையோ செப்பனிட வேண்டும். கெட்டி எண்ணெய் நோயை மறைக்கும், தீர்க்காது.

மூன்றாவது, எண்ணெயில் கலந்த மருந்துச் சரக்குகள். பழைய எஞ்சின்களில் கேம் என்னும் உறுப்பு தட்டையான டாப்பெட்டின்மீது கடுமையாகத் தேய்த்துச் செல்கிறது. அவ்விடத்தைக் காப்பது துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள். இக்காலக் கார்களின் புகை சுத்திகரிப்பானைப் பாஸ்பரஸ் கெடுக்கும் என்பதால், அவற்றுக்கான மெல்லிய எண்ணெய்களில் அதன் அளவைக் குறைத்துவிட்டனர். எனவே புதிய காருக்கான விலையுயர்ந்த மெல்லிய எண்ணெய், பழைய ஜீப்புக்குச் சிறந்ததாகிவிடாது. டீசலுக்கான 15டபிள்யு-40 எண்ணெய்களில் அப்பொருள் பொதுவாகக் கூடுதலாக உள்ளது. பெட்ரோல் தரக்குறியும் சேர்ந்து அச்சிட்டிருந்தால் அவை பெட்ரோல் ஜீப்புக்கும் ஏற்றவை.

ஓர் எச்சரிக்கை உண்டு. இக்கால எண்ணெய்கள் அழுக்கைக் கரைப்பவை. பல்லாண்டு கசடு படிந்த எஞ்சினில் அவற்றைத் திடீரென ஊற்றினால், பெயர்ந்த கசடு எண்ணெய் வழிகளை அடைக்கலாம். முதலில் அடித்தொட்டியைக் கழற்றிக் கழுவுதல் நலம். பழைய ஜீப்பின் வடிகட்டி, ஓடும் எண்ணெயில் ஒரு பகுதியை மட்டுமே வடிகட்டுகிறது என்பதையும் மறக்கலாகாது.

எண்ணெயை மாற்றும் காலத்தைக் கிலோமீட்டரால் மட்டும் கணக்கிடுவது பிழை. தாழ்ந்த கியரில் மலையேறும் ஜீப் சிறிது தூரமே செல்லும்; எஞ்சினோ இடைவிடாது சுழலும். ஆகவே அது உழைத்த மணிகளையும் எண்ண வேண்டும். ஓடை கடந்து வந்தபின் அளவுகோலை உருவிப் பாருங்கள். எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, உடனே மாற்றுக. கழித்த எண்ணெயை மண்ணிலோ குளக்கரையிலோ கொட்டாமல், மறுசுத்திகரிப்புக்கு வாங்குவோரிடம் கொடுக்க வேண்டும்.

மாணவர்களே, எஞ்சின் எது, அதன் தேய்வு எவ்வளவு, அது செய்யும் வேலை யாது, ஊரின் வெப்பம் என்ன? இந்த நான்கையும் அறிந்தவனே எண்ணெயைத் தேர்ந்தெடுக்கத் தகுந்தவன். விலையும் விளம்பரமும் அதன் பின்னரே.