தாய்ச்சியும் இரத்த அழுத்தமும்

மண்வெட்டி பிடித்த உடம்பு, இடம்பெயர்ந்த பின் வேலையின்றி இருக்கிறது. மனமோ ஓய்வதில்லை. இந்நிலையில் 'பிறஷர்' ஏறுவது வியப்பல்ல. பெரும்பாலும் அது வலியேதும் காட்டாது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

சீனாவில் முதியவர்கள் காலையில் பூங்காக்களில் கூடிச் செய்யும் பயிற்சி தாய்ச்சி. போர்க்கலையாக இருந்த இதனை 1956இல் அங்கே 24 அசைவுகளாகச் சுருக்கினார்கள். அழுத்தம் சற்றே உயரத் தொடங்கிய 342 பேரிடம் ஓராண்டு நடந்த சீன ஆய்வொன்று 2024இல் வெளியானது. வாரம் நான்கு நாள், ஒரு மணி நேரம் தாய்ச்சி செய்தோருக்கு மேல் அளவு சராசரியாக 7 புள்ளி குறைந்தது. வேகநடை போன்ற பயிற்சி செய்தோருக்கு 4.6 தான்.

முதல் அசைவை நாம் இன்றே செய்யலாம். ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். கால்களைத் தோளகலம் வைத்து, முழங்காலைச் சற்றுத் தளர்த்தி நில்லுங்கள். மூச்சை இழுத்தபடி இரு கைகளையும் தோள்மட்டம் வரை மெல்ல உயர்த்துங்கள். மூச்சை விட்டபடி இறக்குங்கள். பிறகு உடற்பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு ஆறுதலாக மாற்றுங்கள். துலா மிதித்த எங்கள் பெரியவர்களுக்கு இந்த நிதானம் புதிதல்ல! தலைசுற்றினால் உடனே இருந்துவிடுங்கள்.

இதை நம்பிக் குளிசையை நிறுத்த வேண்டாம். 7 புள்ளி எல்லோருக்கும் போதாது. 140க்கு 90 அல்லது அதற்கு மேல் மீண்டும் மீண்டும் காட்டினால் வைத்தியரிடம் போக வேண்டும். கிளினிக் கொப்பியை அடையாள அட்டையோடு ஒரே பையில் வையுங்கள். அவசரத்தில் புறப்பட்டாலும், புதிய இடத்து வைத்தியர் அதைப் பார்த்து மருந்தைத் தொடரலாம்.