பழவேற்காட்டின் பழைய தெருக்கள்

எளாவூருக்குத் தென்கிழக்கே, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டியுள்ள பழைய துறைமுக ஊர் பழவேற்காடு. ஊரை வளர்த்தது துணி வணிகம். கிராம்பும் சாதிக்காயும் விளைந்த கிழக்குத் தீவுகளில் சோழமண்டலத் துணிக்கு நல்ல கிராக்கி இருந்தது. துணி கொடுத்தால் சரக்கு கிடைக்கும். அதற்காகவே டச்சுக் கம்பெனி 1610-இல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி பெற்றது. 1613-இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் கம்பெனியின் வணிகத்தை இவ்வூரே நடத்தியது. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டையில் இன்று மிஞ்சியவை புதர் மண்டிய மேடும் அகழியின் தடமும்தான்.

தெருக்களில் பார்க்க வேண்டியவை மரக்காயர் வீடுகள். தெருவைப் பார்த்த திண்ணை, மரத்தூண்கள், வேலைப்பாடுள்ள நிலைக்கதவு, உள்ளே காற்றும் வெளிச்சமும் இறங்கும் முற்றம், மேலே நாட்டு ஓடு. சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்க வைத்த சூரியக் கடிகாரமும் உண்டு.

இந்தச் சுவர்களுக்குச் சாந்து தந்தது கிளிஞ்சல். ஏரிப் படுகையில் புதைந்த கிளிஞ்சலைத் தோண்டிக் கழுவி, கரியோடு அடுக்கிக் காளவாயில் சுடுவார்கள். சுட்டதில் தண்ணீர் தெளித்தால் சூடேறிப் பொடியாக உதிரும். மணல் சேர்த்துச் செக்கில் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலந்தால் சாந்து. மேல்பூச்சுக்கு முட்டை வெண்கரு சேர்த்துக் கூழாங்கல்லால் தேய்ப்பார்கள். சுவர் பளிங்கு போல மின்னும். உப்புக் காற்றடிக்கும் ஊருக்கு இது ஏற்ற பூச்சு. சுவர் குடித்த ஈரம் இதன் வழியே வெளியேறிவிடும். விரிசலுக்குச் சிமெண்ட் பூசினாலோ ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, செங்கல்லை அரிக்கும். பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதாக நினைத்துக் கெடுப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் 1656 என்ற ஆண்டு உள்ளது; இருபுறமும் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே குலச்சின்னங்களும் டச்சு எழுத்துகளும் கொண்ட கருங்கல் பலகைகள். இந்தத் தோட்டம் தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. தெருவிலுள்ள வீடுகளைக் காப்பது அவற்றின் சொந்தக்காரர்கள் பொறுப்பு.