இசைத்தட்டில் ஒரு மக்களின் வரலாறு

ஒரு மக்களின் வரலாற்றை அறிய விரும்புவோர் ஏட்டையும் கல்வெட்டையும் நாடுவது வழக்கம். எழுதும் உரிமையே மறுக்கப்பட்ட மக்களின் வரலாற்றை எங்கே தேடுவது? அமெரிக்காவின் தென் கரோலினாவிலே, அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1740 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பின்னர்த் தென்பகுதி மாநிலங்கள் பலவும் அவ்வழியே சென்றன. ஆபிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்டவர்களும், அவர்தம் வழித்தோன்றல்களும், தம் துயரையும் நம்பிக்கையையும் குரலிலே வைத்துக் காத்தனர். பருத்தி வயலில் எழுந்த பாட்டு, தேவாலயத்தில் முழங்கிய பிரசங்கம், மூத்தோர் சொன்ன கதை ஆகிய இவையே அவர்களின் ஏடுகளாயின.

இதனை மனத்திற் கொண்டு நோக்கினால், தனிமனிதர் ஒருவர் தம் வீட்டு அலுமாரியிலே சேர்த்து வைக்கும் கறுப்பின அமெரிக்கரின் இசைத்தட்டுகள் ஒரு சுவடிக்கூடத்தின் மதிப்பைப் பெறுவது ஏன் என்பது விளங்கும்.

குரலைப் பதியும் கருவி வந்தவுடனேயே அம்மக்களின் குரல் உள்ளபடி பதிவாகிவிட்டது எனக் கருதலாகாது. அடிமைமுறை நிலவிய காலத்திற் பிறந்த ஜோர்ஜ் ஜோன்சன் என்பவர் 1890 ஆம் ஆண்டளவில் மெழுகு உருளைகளிற் பாடிப் புகழ்பெற்றார். ஓர் உருளையிலிருந்து பல படிகள் எடுக்கும் வசதி அன்று போதாமையால், அவர் ஒரே பாடலை மீண்டும் மீண்டும் பாடவேண்டியிருந்தது. பாடிய பாடல்களோ அவர் தம் இனத்தையே எள்ளி நகையாடுவன. வாங்குவோர் கேட்க விரும்பியதையே விற்போர் பதிந்தனர். 1920 ஆம் ஆண்டில் மேமி ஸ்மித் என்னும் கறுப்பினப் பாடகி பாடிய ‘கிரேசி புளூஸ்’ என்ற தட்டு பெருந்தொகையாக விற்பனையான பின்னரே, கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவோர் என்பதை நிறுவனங்கள் உணர்ந்தன. அடுத்த ஆண்டிலேயே ஹரி பேஸ் என்ற கறுப்பினத்தவர் நியூயோர்க்கில் ‘பிளாக் சுவான்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அக்காலத்துத் தட்டுகள் அரக்கினால் ஆனவை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே பாடலாம். கைதவறி வீழ்ந்தால் உடைந்துவிடும். 1948 ஆம் ஆண்டில் கொலம்பியா நிறுவனம் வினைல் என்னும் செயற்கைப் பொருளால் ஆன நெடுந்தட்டை வெளியிட்டது. நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் அதன் ஒவ்வொரு பக்கமும் இருபது நிமிடத்துக்கு மேல் ஒலித்தது. மூன்று நிமிடத்தில் ஒரு பாட்டு அடங்கும். ஒரு பிரசங்கம் அடங்குமா? ஒரு வாழ்க்கை வரலாறு அடங்குமா? நெடுந்தட்டு வந்த பின்னர் நீண்ட பேச்சும் வரலாறும் தட்டிலே எளிதாக இடம்பெறலாயின.

மோசஸ் ஆஷ் என்பவர் 1948 இல் தொடங்கிய ‘போக்வேஸ்’ நிறுவனம் இத்துறையிற் சிறந்த பணியாற்றியது. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் தம் இனத்தாரின் வரலாற்றைக் கூறும் தட்டொன்றை அந்நிறுவனம் 1955 இல் வெளியிட்டது. அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் தம் முதுமையிலே தம் வாழ்க்கையைத் தாமே எடுத்துரைக்கும் தட்டு 1961 இல் வெளிவந்தது. டெட்ரோயிற் நகரத்துப் போதகர் சி. எல். பிராங்ளினின் பிரசங்கங்களும் தட்டுகளாக வந்து வீடுதோறும் ஒலித்தன. புகழ்பெற்ற பாடகி அரேத்தா பிராங்ளின் இவருடைய மகளே.

இத்தகைய தட்டுகள் வரலாற்றுக்குச் சான்றாகும் விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு காண்போம். மார்ட்டின் லூதர் கிங் தம் கனவைப் பற்றி 1963 ஆகஸ்ட் 28 ஆம் நாள் வாஷிங்டனில் ஆற்றிய உரையை உலகம் அறியும். அதற்கு இரு மாதங்கள் முன்னதாக, ஜூன் 23 ஆம் நாள், டெட்ரோயிற் நகரின் பேரணியிலும் அவர் அக்கனவைப் பற்றிப் பேசியிருந்தார். அந்நகரத்து மோட்டவுன் நிறுவனம் அவ்வுரையைத் தட்டாக்கியது. கேட்போர் இடையிடையே எழுப்பும் ஆரவாரத்தோடு அவ்வுரை உருப்பெற்று வருவதை இன்றும் நாம் செவியாரக் கேட்கலாம். அச்சிட்ட தாளில் அந்த ஆரவாரம் இராது.

ஒலியைப் போன்றே உறையும் ஓர் ஆவணமாகும். 1960 பெப்ரவரி முதலாம் நாள், கிரீன்ஸ்பரோ நகரில், கறுப்பின மாணவர் நால்வர் வெள்ளையர்க்கே உரியதென ஒதுக்கப்பட்டிருந்த உணவு மேசையில் அமர்ந்து, எழ மறுத்தனர். அவ்வாண்டிலேயே மேளக் கலைஞர் மக்ஸ் ரோச் விடுதலையைப் பொருளாகக் கொண்டு பதிந்த தட்டின் உறையில், உணவு மேசையில் அமர்ந்த கறுப்பின ஆடவர் மூவர் நம்மை நேர்நோக்குகின்றனர். மேசைக்கு அப்பால் வெள்ளை நிறப் பணியாளர் நிற்கிறார். இசை ஒலிக்கு முன்னமே படம் பேசிவிடுகின்றது. உறையை எறிந்துவிட்டுத் தட்டை மட்டும் காப்பவர் அச்சான்றிற் பாதியை இழந்தவராவர்.

இவற்றையெல்லாம் காத்தவர் யார்? வெளியிட்ட நிறுவனங்கள் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். விஸ்கொன்சின் மாநிலத்திலே நாற்காலி செய்யும் நிறுவனமொன்று நடத்திய ‘பரமவுண்ட்’ தட்டுகளில் தென்பகுதிப் பாடகர் பலரின் குரல் பதிந்திருந்தது. அந்நிறுவனம் நலிவுற்றபோது தட்டு வார்க்கும் உலோக மூல அச்சுகளிற் பெரும்பாலானவை பழைய உலோகமாகக் கழிக்கப்பட்டன. அவற்றுட் சில பாடல்களுக்கு இன்று உலகில் ஓரிரு தட்டுகளே எஞ்சியுள்ளன. அவையும் தனிமனிதர் தேடி எடுத்துக் காத்தவையே.

கறுப்பினத் தேவாலயங்களின் நற்செய்திப் பாடல்களுக்கும் இந்நிலையே வந்தது. சிறு நிறுவனங்கள் சில நூறு தட்டுகளே அச்சிடும். அவை ஆலய வாயிலில் விற்கப்படும். நிறுவனம் மறைந்ததும் மூலப்பதிவும் மறையும். டெக்சாஸ் மாநிலத்துப் பெய்லர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொபேர்ட் டார்டன், இவ்விழப்பைக் குறித்து 2005 ஆம் ஆண்டில் நியூயோர்க் டைம்ஸ் இதழில் எழுதினார். அதைப் படித்த செல்வர் ஒருவர் பொருளுதவி செய்ய, அப்பல்கலைக்கழகம் சேகரிப்பாளரிடமிருந்து தட்டுகளைப் பெற்றுத் தூய்மை செய்து, ஒலியைக் கணினியிற் பதிந்து, உறைகளையும் படமெடுத்து வைக்கும் பணியைத் தொடங்கியது.

அப்பணியினிடையே எதிர்பாராத உண்மையொன்று வெளிப்பட்டது. சிறிய தட்டுகளின் முதற்பக்கத்தில் விற்பனைக்குரிய பக்திப்பாடல் இருக்கும். மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்டபோது, அவற்றுட் பலவற்றில் குடியுரிமைப் போராட்டத்தைப் பாடும் பாடல்கள் இருந்தன. அத்தகைய பாடல்கள் இத்துணை மிகுதியாக இருந்தமையை ஆய்வாளர் அதுவரை அறிந்திலர். அத்தகைய பாடலை வெளிப்படையாகப் பாடுவது தென்பகுதியிலே உயிருக்கு அச்சம் தரும் செயலாயிருந்த காலம் அது. மறுபக்கத்தில் ஒதுங்கிக் கிடந்த அத்துணிவு, யாரோ ஒருவர் தட்டை எறியாமல் வைத்திருந்தமையால் அன்றோ வெளிப்பட்டது!

ஆயினும், தட்டுகளைச் சேர்ப்பது மட்டும் போதாது. ஒவ்வொரு தட்டும் எங்கே, எப்பொழுது, எவரிடமிருந்து கிடைத்தது என்பதைச் சேகரிப்பாளர் குறித்து வைத்தல் வேண்டும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காது, நூல்களைப் போல நிமிர்த்தி வைத்தல் வேண்டும். வெப்பத்தால் தட்டு வளையும், தூசி படிந்தால் ஊசி செல்லும் நுண்வரி தேயும். எல்லாவற்றினும் மேலாக, தமக்குப் பின் அவற்றை யார் காப்பர் என்பதைத் தாம் வாழும்போதே முடிவு செய்தல் வேண்டும். மார்ஷல் ஸ்டேர்ன்ஸ் என்னும் பேராசிரியர் தம் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு 1952 இல் ஜாஸ் இசை ஆய்வு நிலையமொன்றை நிறுவினார். 1966 இல் அது ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. போக்வேஸ் நிறுவனத்தின் 2,000க்கு மேற்பட்ட தட்டுகளை, அதன் நிறுவனர் மறைந்த மறு ஆண்டாகிய 1987 இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் ஏற்றது. எந்தத் தட்டும் கிடைக்காமற் போகலாகாது என்பதே உடன்பாடு.

இவ்வேற்பாடு இல்லாத சேகரிப்புகள், உரியவர் மறைந்ததும் பழம்பொருட் கடைக்கே செல்கின்றன. அங்கே பெயர்பெற்ற பாடகரின் தட்டுகளை வாங்குவோர் உளர். எவரும் அறியாத ஊரின் எவரும் அறியாத பாடகர் குழு, தம் ஆலயச் செலவுக்காக விற்ற தட்டைத் தேடுவார் இலர். வேறெங்கும் பதியப்படாத குரல் அத்தட்டிலேதான் இருக்கக்கூடும். அதன் மறுபக்கத்தை ஒருமுறையேனும் கேட்ட பின்னரே அது வேண்டுவதா, வேண்டாததா என்று முடிவு செய்தல் தகும்.