கெனானியும் கானானியரும்

பிஜி நாட்டின் வனுவா லேவு தீவில் வுனிந்தொங்கொலோவா என்னும் கடலோரச் சிற்றூர் இருந்தது. கடல் பொங்கும்போதெல்லாம் நீர் வீடுகளுக்குள் புகுந்தது. தடுப்புச் சுவரும் பயன் தரவில்லை. 2014-ஆம் ஆண்டு ஊரார் அனைவரும் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, 30 வீடுகள் கொண்ட புதிய ஊரில் குடியேறினர். அவ்வூரின் பெயர் கெனானி, அஃதாவது கானான்.

இப்பெயரைக் கேட்டு இறையியல் மாணவர் உள்ளம் மகிழ்வது இயல்பே. ஆயினும் இக்குடியேற்றம் நிலைத்தமைக்குக் காரணம் யாது? புதிய ஊரின் நிலம் அம்மக்களின் குலத்துக்கே உரியது. எவரையும் அகற்றாமல் அவர்கள் குடியேறினர்; உறவும் ஊராட்சியும் குலையாமல் ஒருங்கே பெயர்ந்தனர்; வீடுகளுக்கு மரமும் தாங்களே தந்தனர். குறை இல்லாமலில்லை. கட்டப்பட்ட வீடுகளில் சமையலறை இல்லை! பெண்களைக் கலந்து பேசியிருந்தால் இது நேர்ந்திராது என்றே நமக்குத் தோன்றுகிறது.

இதே தீவில் நிகழ்ந்த மற்றொன்று திருச்சபையைச் சார்ந்தது. கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே மட்டும் நிற்கும் பவளத்தீவுகளாலான கிரிபாட்டி நாடு, 2014-இல் நத்தோவாத்து என்னும் தோட்ட நிலத்தை ஆங்கிலிக்கன் திருச்சபையிடமிருந்து விலைக்கு வாங்கிற்று. பரப்பு ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர். உணவு பயிரிடவும், பிற்காலத்தில் தேவைப்படின் மக்களைக் குடியேற்றவும் அது உதவும் என்று எண்ணினர். நிலமோ வெறுமையாய் இருக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் தோட்ட வேலைக்கெனக் கொண்டுவரப்பட்ட சாலமன் தீவினரின் வழித்தோன்றல்கள் அங்கே நவியாவியா என்னும் ஊரில் வாழ்ந்துவந்தனர். முன்னோர் ஒருமுறை வேரோடு பெயர்க்கப்பட்டவர்கள், தங்கள் விளைநிலம் சுருங்குமோ என்று மறுபடியும் அஞ்சினர். 2016-இல் கிரிபாட்டியில் ஆட்சி மாறியபின் குடியேற்றப் பேச்சு பின்தள்ளப்பட்டது, பயிர்த்தொழிலே முன்வந்தது.

யோசுவாவின் நூலைப் பிரசங்கிக்கையில் நாம் யோர்தானைக் கடந்த மகிழ்ச்சியோடு நின்றுவிடுகிறோம்; அங்கே முன்னரே குடியிருந்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. லேவியராகமம் 25-ஆம் அதிகாரமோ நிலம் கடவுளுடையது என்றும், இஸ்ரவேலரே அதில் அந்நியர் என்றும் அறிவிக்கிறது.

சட்டத்தின் துணையும் குறைவே. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்தவரையே கருதுகிறது. கடலுக்கு அஞ்சி வந்தவரை அன்று. ஆஸ்திரேலியாவும் துவாலுவும் 2023-இல் செய்த ஒப்பந்தம் ஆண்டுக்கு 280 பேருக்கு நிரந்தர வாழ்வுரிமையை அளிக்கிறது. அது நல்லதே. ஆனால் அவ்வழியில் ஓர் ஆள் போகலாம், ஒரு குடும்பம் போகலாம். கெனானியைப் போல் ஓர் ஊர் ஊராகவே போக இயலாது.

ஆகவே நிலம் உடைய திருச்சபைகளின் பொறுப்பு பெரிது. மிஷனெரிமார் காலத்து நிலங்கள் நம் திருச்சபைகளிடமும் உண்டு. அவற்றில் பத்திரமின்றித் தலைமுறைகளாய்க் குடியிருப்போரும் உண்டு. புகலிடம் தேடுவோருக்கு நிலத்தைக் கொடுப்பதாயினும் விற்பதாயினும், முதலில் இவர்களோடு உட்கார்ந்து பேசவேண்டும். இவர்களுக்குரிய பங்கு எழுத்தில் உறுதியான பின்னரே மற்றப் பத்திரம் எழுதப்படவேண்டும்.