மோதி உடைக்காது... உட்கார்ந்து உடைக்கும்! டி.என்.ஏ-வை அறுக்கும் குட்டி எலெக்ட்ரான்கள்

கேன்சருக்கு ரேடியேஷன் கொடுக்கிறார்கள் என்றதும், கதிர் நேராகப் போய் செல்லைப் பொசுக்கிவிடும் என்றுதான் நினைப்போம். ஆனால், அந்தக் கதிர் போகிற வழியில் உதிர்த்துவிட்டுப் போகும் எலெக்ட்ரான்களுக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது.

உடலுக்குள் நுழையும் கதிர், தண்ணீர் உள்ளிட்ட மூலக்கூறுகளிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெறியும். கதிர் இழக்கும் ஒவ்வொரு 10 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கும் சுமார் 40,000 எலெக்ட்ரான்கள் கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவற்றின் ஆற்றல் 20 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு. 'இத்தனூண்டு ஆற்றலை வெச்சுக்கிட்டு என்ன செஞ்சிடும்?' என்று தோன்றுகிறதா?

2000-ம் ஆண்டில் கனடாவின் ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் லியோன் சான்ஷ் குழுவினர் இதைச் சோதித்தார்கள். வெற்றிடத்தில் வைத்த உலர்ந்த டி.என்.ஏ படலத்தின் மீது, 3 முதல் 20 எலெக்ட்ரான் வோல்ட் கொண்ட எலெக்ட்ரான்களைப் பாய்ச்சினார்கள். டி.என்.ஏ-வின் ஓர் இழை மட்டுமல்ல, சில இடங்களில் இரண்டு இழைகளுமே அறுந்தன!

எப்படி உடைகிறது?

எலெக்ட்ரான் சுத்தியல் மாதிரி மோதுவதில்லை. மூலக்கூறில் காலியாக இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அது உட்கார்ந்ததும் அணுக்களுக்கு நடுவே இருக்கும் பிணைப்பு தளர்ந்து, அணுக்கள் விலக ஆரம்பிக்கும். எலெக்ட்ரான் உடனே கிளம்பிவிட்டால் மூலக்கூறு தப்பித்தது. கொஞ்சம் கூடுதலாகத் தங்கிவிட்டால், பிணைப்பு காலி!

சரி, உடைக்கிற ஆற்றல் எங்கிருந்து வருகிறது? கார்பன் டெட்ராகுளோரைடை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு குளோரினைப் பிரிக்க சுமார் 3 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஆனால், குளோரின் ஓர் எலெக்ட்ரானைப் பிடித்துக்கொண்டால் 3.6 எலெக்ட்ரான் வோல்ட் வெளிவரும். செலவைவிட வரவு அதிகம். அதனால், கிட்டத்தட்ட வேகமே இல்லாத எலெக்ட்ரானால்கூட அந்தப் பிணைப்பை உடைக்க முடியும்.

இதனால் நமக்கு என்ன?

டி.என்.ஏ-வில் தைமின் இருக்கவேண்டிய இடத்தில் புரோமோயுராசில் என்ற மூலக்கூறு சேர்ந்தால், அதிலிருக்கும் புரோமினை மெதுவான எலெக்ட்ரான்கள் சுலபமாகக் கழற்றிவிடும். அந்த இடத்தில் டி.என்.ஏ பலவீனமாகும். இப்படிப்பட்ட மருந்துகளைப் புற்றுநோய் செல்லுக்குள் மட்டும் சேர்க்க முடிந்தால், குறைந்த கதிரிலேயே அதை அழிக்கலாம். பக்கத்திலிருக்கும் நல்ல செல்களும் பிழைக்கும். ஆராய்ச்சிகள் இந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

'அப்போ எக்ஸ்ரே எடுக்கவே கூடாதா?' என்று பதற வேண்டாம். ஓர் இழை அறுந்தால், இன்னோர் இழையைப் பார்த்து செல்லே அதைச் சரிசெய்துகொள்ளும். இரண்டும் அறுந்தால்தான் சிக்கல். அதனால், டாக்டர் சொன்னால் தயங்காமல் எடுங்கள்; அவசியமில்லாமல் நீங்களாகக் கேட்டு எடுக்காதீர்கள்.